டொமினிக்கன் புளோ-அவுட்

டொமினிக்கன் புளோ-அவுட் என்பது, அடர்ந்த அலைமுடியையும் சுருள்முடியையும் ஈரமாக இருக்கும்போதே பெரிய ரோலர்களில் சுற்றி உலர்த்தி, பின்னர் உருளைச் சீப்பும் ஹேர் டிரையரும் கொண்டு இழுத்து நேராக்கும் சலூன் முறையாகும். கரீபியத் தீவு நாடான டொமினிக்கன் குடியரசில் வேரூன்றிய இம்முறை, 1961-இல் சர்வாதிகாரி ரஃபாயேல் துருஹியோ கொல்லப்பட்டதையும் 1965-இல் அமெரிக்கப் படைகள் அந்நாட்டில் இறங்கியதையும் தொடர்ந்து பெருகிய குடிப்பெயர்வோடு நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியை அடைந்தது. அங்கிருந்து கிழக்குக் கரை நகரங்கள் பலவற்றுக்கும் பரவி, டொமினிக்கர் அல்லாத கறுப்பினப் பெண்களையும் பெருமளவில் ஈர்த்தது. முடியை நேராக்கியும் அதன் பருமனைக் குறைக்காத முறை என்பதே இதற்குப் பெயர் வாங்கித்தந்தது.

இம்முறையின் அடிப்படை முடியின் அமைப்பிலேயே இருக்கிறது. முடியின் உட்பகுதியான புறணி, கெரட்டின் என்னும் புரத இழைகளால் ஆனது. அதைச் சுற்றி, ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்செதில்கள் உறையாக அமைந்துள்ளன. கெரட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புகளுள், கந்தக அணுக்களுக்கிடையே அமையும் டைசல்ஃபைடு பிணைப்பு வலியது, தண்ணீரால் குலையாதது. ஐதரசன் பிணைப்போ முடி நனைந்தவுடன் தளர்ந்து, உலரும்போது முடி எந்த வடிவில் பிடிக்கப்பட்டிருக்கிறதோ அந்த வடிவிலேயே மீண்டும் அமைவது. ரிலாக்சர் எனப்படும் காரப்பசைகள் முதல் வகைப் பிணைப்பை நிரந்தரமாக உடைக்க, புளோ-அவுட் இரண்டாம் வகையை மட்டும் தற்காலிகமாக மாற்றியமைக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி 1930-களில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள், ஈரமான ரோமத்தை இழுக்கும்போது மடிந்துகிடந்த கெரட்டின் மூலக்கூறு நீண்ட வடிவுக்கு மாறுவதைக் காட்டின. ஆகவே முடியை நேராக்குவதில் முதலிடம் ஈரத்துக்கும் இழுவிசைக்குமே உரியது. சூட்டின் வேலை, இழுத்துப் பிடித்த நிலையிலேயே அந்த ஈரத்தை விரைந்து வெளியேற்றுவது மட்டுமே. சூட்டைக் கூட்டினால் முடி இன்னும் நேராகும் என்று கருதுவோர் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

சலூனில் முதலில் ஷாம்பூவால் முடி அலசப்பட்டு, கெட்டியான கண்டிஷனர் பூசிச் சிக்கெடுக்கப்படுகிறது. அலசிய பிறகு, முடியிலேயே விட்டுவிடும் வகைக் கண்டிஷனர் சிறிதளவு தடவி, வால்சீப்பின் முனையால் முடியை ரோலரின் அகலத்துக்கு மிகாத வகிடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் தலைக்குச் செங்குத்தாக மேலே தூக்கி, நுனியிலிருந்து வேர்வரை தளர்வில்லாமல் வழவழப்பான பிளாஸ்டிக் ரோலரில் சுற்றிக் கிளிப்பால் இறுக்குவர். நுனி ஓரிடத்தில் மடிந்துவிட்டாலும் அந்த மடிப்பு உலர்ந்தபின் அப்படியே நின்றுவிடுமாதலால், கைதேர்ந்தவர்கள் நுனியைச் சீப்பால் பரப்பிவிட்டே சுற்றத் தொடங்குவர். ரோலர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேராக முடி அமையும். பின்னர் தலையை முழுதும் மூடும் ஹூட் டிரையரின்கீழ், முடியின் அடர்த்திக்கேற்ப ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ அமர வேண்டும். உள்ளடுக்கில் ஈரம் எஞ்சியிருக்க ரோலரைக் கழற்றினால் அலை உடனே திரும்பிவிடும். அடர்ந்த முடியில் பின்கழுத்துப் பகுதிதான் கடைசியாக உலரும் என்பதால், அங்கே ஒரு ரோலரைக் கழற்றிப் பார்த்த பிறகே மற்றவற்றில் கைவைப்பது வழக்கம்.

முடியின் பருமன் காக்கப்படுவதும் இந்தக் கட்டத்திலேயே ஆகும். வேர் மேல்நோக்கி நின்றவாறே உலர்வதால் முடி தலையோடு ஒட்டிப் படியாமல் எழும்பி நிற்கிறது. ஸ்ட்ரெய்ட்னரின் இரு தட்டுகளுக்கிடையே வேர்வரை நசுக்கப்படும் முடிக்கு இந்த எழுச்சி கிடைப்பதில்லை. அதனால்தான் ஸ்ட்ரெய்ட்னரை மட்டுமே நம்பி நேராக்கிய அடர்முடி பெரும்பாலும் தட்டையாகத் தோன்றுகிறது.

இறுதிக்கட்டத்தில் உருளைச் சீப்பில் முடியை இழுத்துப் பிடித்து, டிரையரின் காற்றை வேரிலிருந்து நுனி நோக்கிச் செலுத்தி எஞ்சிய அலை நீக்கப்படுகிறது. செதில்கள் நுனியை நோக்கிப் படிந்திருப்பதால், காற்றும் அதே திசையில் செல்லும்போது முடி மினுங்குகிறது. இம்முறையின் பெயர் கெடுவதும் இக்கட்டத்தில்தான். அவசரத்தில் டிரையரின் முகப்பைச் சீப்போடு ஒட்டவைத்து ஓட்டுவதும், உலோகச் சீப்பு சூடேறி முடியை இருபுறமும் தாக்குவதும் பரவலான குறைகள். தென்கொரிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 15 சென்டிமீட்டர் தொலைவில் 47 பாகை செல்சியசாக இருந்த டிரையர்க் காற்று, 5 சென்டிமீட்டரில் 95 பாகையாக உயர்ந்ததும், செதிலுறையின் சிதைவு அதற்கேற்ப மிகுந்ததும் காணப்பட்டன. அதே ஆய்வில், சூடே காட்டாமல் இயல்பாக உலரவிட்ட முடியின் செதில்களுக்கிடையே உள்ள பிணைப்படலம் சேதமுற்றதும் தெரியவந்தது. நெடுநேரம் ஈரத்தில் ஊறியிருப்பதை ஆய்வாளர்கள் அதற்குக் காரணமாகக் கருதினர். தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே இருக்கும் டிரையரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

ஸ்ட்ரெய்ட்னரை ஈரமுடியில் வைப்பது வேறு வகைக் கேடு. உள்ளிருக்கும் நீர் திடீரென ஆவியாகிப் புறணியில் வெற்றிடங்களை உண்டாக்கும் ‘குமிழ்முடி’ என்னும் நிலை அதனால் ஏற்படுகிறது. அவ்விடங்களில் முடி பின்னர் ஒடிந்துவிடும். உலர்ந்த முடியிலும் சூடு ஏறத்தாழ 200 பாகையைத் தாண்டினால் கெரட்டினின் அமைப்பே குலைகிறது. சிலிக்கோன் கலந்த வெப்பக்காப்புத் திரவங்கள் சூடு பரவும் வேகத்தைக் குறைத்து ஓரளவே உதவுவன.

டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சாந்தோ தொமிங்கோ கடலோர வெப்பமண்டல நகரமாதலால், காற்றின் ஈரமே அங்கு புளோ-அவுட்டுக்கு முதற்பகை. நேராக்கிய முடியைத் தலையைச் சுற்றி ஒரே திசையில் படியவைத்து ஊசிகளால் குத்தி, வலை கட்டி உறங்கும் ‘துபி’ என்னும் வழக்கம், மறுநாள் மீண்டும் சூடுகாட்டும் தேவையைத் தவிர்க்கிறது. வாரத்துக்கு ஒருமுறைக்குமேல் டிரையர் படாமல் முடியை வைத்திருப்பதற்கு எந்தத் திரவத்தையும்விட இதுவே கூடுதலாகப் பயன்படுகிறது எனலாம்.

பிரேசிலில் தோன்றிய கெரட்டின் சிகிச்சையோடு இம்முறையைக் குழப்பிக்கொள்வதுண்டு. அச்சிகிச்சைக் கலவைகள் பலவற்றிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிஹைடு, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தப்பட்டது. ரோலரும் தண்ணீரும் கொண்டு செய்யும் புளோ-அவுட்டுக்கு அதனோடு தொடர்பில்லை. மறுபுறம், நேர்முடியையே அழகென்று கொள்ளும் டொமினிக்கச் சமூகத்தின் நிறப்பார்வையும் இச்சலூன்களில் வெளிப்படுகிறது என்ற விமர்சனம் உண்டு. சமூகவியலாளர் கினெட்டா கண்டெலாரியோ 2007-இல் வெளியான தம் நூலில் நியூயார்க்கின் டொமினிக்கச் சலூன்களை இக்கோணத்திலிருந்து ஆராய்ந்துள்ளார்.

முடி சூட்டால் கெட்டிருக்கிறதா என்பதை அறிய, ஒரு கற்றையை நனைத்துத் தானாக உலரவிடுவர். அலை முழுதும் திரும்பினால் கெரட்டின் நலமாக உள்ளது. வேர்ப்பக்கம் அலையும் நுனிப்பக்கம் துவண்ட நேர்முடியுமாக நின்றால் அந்த நுனி மீளாது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வதால், இடுப்புவரை நீண்ட முடியின் நுனி பல ஆண்டுகளின் சூட்டைத் தாங்கியதாக இருக்கும். அதனால் தேர்ந்த சலூன்காரர்கள் டிரையரை வேரருகே சற்று நிறுத்தி, நுனியில் விரைவாக எடுத்துவிடுகின்றனர்.