பாய்க் கட்டுமரம்

பாய்க் கட்டுமரம் என்பது மரங்களைக் கயிற்றால் பிணைத்து, பாய் ஏற்றிக் காற்றில் ஓட்டும் சிறு மீன்பிடி கலம். சோழமண்டலக் கரை நெடுகிலும் வழங்கியது. தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை நீளும் கடலூர்க் கரையும் அதில் அடங்கும். கடலுக்குப் போகும்போது கட்டுவதும் கரையேறியபின் அவிழ்ப்பதும் வழக்கமாதலால், இக்கலத்தைப் பொறுத்தவரை செப்பனிடுதல் எப்போதோ செய்யும் தனி வேலையன்று. அன்றாடத் தொழிலின் ஒரு பகுதி.

கட்டு

நடுமரம் பெரியது, பக்கமரங்கள் சற்றுச் சிறியவை. முன்முனையான அணியம் மேல்நோக்கி வளைந்து கூராகும். மரங்களின் இரு தலைப்பிலும் குறுக்குக் கட்டைகள் வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். தமிழகக் கரையில் ஆணி அடிக்கும் வழக்கம் இல்லை. மரங்களுக்கு இடையிலுள்ள சந்து வழியே தண்ணீர் ஏறி இறங்கிவிடுவதால், இறைக்க வேண்டிய தேவையோ நிரம்பி மூழ்கும் அச்சமோ கிடையாது. ஆனால் மென்மரம் நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும். அதனால்தான் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் பிரித்துப்போட்டு உலர்த்துகிறார்கள். தேய்ந்த கயிற்றை மாற்றுவதும் உளுத்த மரத்தை மட்டும் கழித்து வேறொன்று சேர்ப்பதும் அப்போதே நடக்கும். ஒரே கட்டில் புதுமரமும் பழையமரமும் கலந்திருப்பது இயல்பு. ஆகவே ஒரு கட்டுமரத்துக்கு இத்தனை வயது என்று சொல்வது எளிதன்று.

பாயும் கயிறுகளும்

பாய் முக்கோண வடிவினது. அதன் ஒரு விளிம்பைப் பருமல் எனப்படும் நீண்ட கழியில் கோத்துக் கட்டுவர். பருமலை உயர்த்தும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையைப் பிடித்துக் காற்றுக்கேற்ப இழுக்கவும் தளர்த்தவும் உதவுவது தாமான். அடிக்கட்டை இல்லாத இக்கலம் பக்கவாட்டில் சறுக்கிப்போகும் இயல்புடையது; நீருக்குள் செங்குத்தாக இறக்கும் பலகை அதைத் தடுக்கிறது. விடியுமுன் வீசும் கரைக்காற்றில் கடலுக்குப் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்புவது பொதுவான நடைமுறை. முன்பு பருத்தித் துணியில் தைத்த பாய், பின்னாளில் தார்ப்பாயிலும் பிளாஸ்டிக் சாக்குகளிலும் தைக்கப்பட்டது.

தொன்மை

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’, ஒற்றை மரங்களைப் பிணைத்த ‘சங்கரா’ என்னும் பெருங்கலங்களைக் குறிப்பிடுகிறது. அதே பகுதியில் அந்நூல் கூறும் பொதுகே துறை, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு எனக் கருதப்படுகிறது. சங்கராவைக் கட்டுமரத்தோடு தொடர்புபடுத்துவோரும், இரட்டைத் தோணி என்போரும் உண்டு. சங்கப் பாடல்களின் ‘திமில்’ கட்டுமரமே என்னும் கருத்தும் முடிந்த முடிபன்று. முக்கோணப் பாய் இக்கரைக்கு எப்போது, எவ்வழியாக வந்தது என்பதிலும் ஒத்த கருத்து இல்லை.

ஐரோப்பியர் குறிப்புகள்

17ஆம் நூற்றாண்டிலிருந்து பதிவுகள் பெருகுகின்றன. 1669–79 கால வங்கக் கடற்கரைகளை விவரித்த தாமஸ் பௌரியின் கையெழுத்துப்படி 1905இல் அச்சேறியது. வில்லியம் டாம்பியரின் பயணநூல் (1697) சோழமண்டலக் கட்டுமரத்தைப் பற்றிப் பேசுகிறது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் தலைமைக் கப்பல் தச்சராக இருந்த ஜான் எடை, 1830களில் அளவுகளையே தந்தார்: மூன்று மரங்கள், 20 முதல் 25 அடி நீளம், இரண்டரை முதல் மூன்றரை அடி அகலம்.

இப்பதிவுகளில் மிகுதியும் சென்னைக் கரைக்கு உரியவை. துறைமுக வேலை 1870களில் தொடங்கும்வரை கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. வேறு படகுகள் இறங்கத் தயங்கும் அலையிலும் ஓரிருவர் மண்டியிட்டுத் துடுப்பு வலித்துக் கட்டுமரத்தில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனார்கள். கடிதம் நனையாதிருக்க அதைத் தலையில் அணிந்த ஓலைத் தொப்பிக்குள் வைத்தார்கள். அலை புரட்டிவிட்டால் நீந்திப்போய் மரத்தில் மறுபடி ஏறிக்கொள்வார்கள். தொப்பி மட்டும் தலையைவிட்டு அசையாது. ஆபத்திலிருந்தோரைக் காத்தவர்களுக்குப் பதக்கமும் தரப்பட்டது. எழுதியவர்கள் கப்பலில் நின்று பார்த்தது துடுப்புக் கட்டுமரத்தையே. மீன்பிடிக்கத் தொலைவு சென்ற பாய்க் கட்டுமரம் அவர்கள் எழுத்தில் சில வரிகளோடு நின்றுவிடுகிறது.

ஹார்னெல்

இக்குறையை ஓரளவு போக்கியவர் சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல். இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய அவரது ஆய்வு 1920இல் வங்காள ஆசியக் கழக வெளியீடாக வந்தது. கட்டுமரங்களை அவர் வட்டார வாரியாகப் பிரித்தார். நாகப்பட்டினப் பக்கத்துக் ‘கோலாமரம்’ அவற்றுள் பெரியது. கோடையில் கோலா மீனுக்காக அது நெடுந்தொலைவு போகும். தழைக்கட்டுகளை மிதக்கவிட்டு, அவற்றில் முட்டையிட வரும் மீனைப் பிடிப்பார்கள். மரங்களைக் கூட்டியும் குறைத்தும் கட்ட முடிவதால், பருவத்துக்கும் தொழிலுக்கும் தக்கபடி கலம் பெரிதாகிச் சிறிதாகிறது. இந்தியப் படகுகளில் பசிபிக் தீவுகளின் தாக்கம் உண்டென்ற அவரது கருத்து பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானது.

பிற்காலம்

1970களில் கட்டுமர மீனவர்களுக்கு இழுவைப் படகுகளோடு மோதல்கள் எழுந்தன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்கீழ், கரையிலிருந்து 3 கடல் மைல் வரையான பரப்பு மரபுக் கலங்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் சிறு படகுகளுக்கான புதிய வடிவங்களைச் சோதித்தது. மென்மரத்தின் விலை ஏறியது, வெளிப்பொருத்து எஞ்சின் பரவியது, பாய் தேவையற்றதானது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் கடலூர், நாகை மாவட்டங்களில் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வந்தன. கட்டுமர வடிவிலேயே வார்த்த ‘ஃபைபர்’ கலங்களும் உண்டு. அவற்றில் அவிழ்க்கக் கட்டு இல்லை.