சுங்கச் சாவடியும் கள்ளாமை நோன்பும்

அடி அண்ணாமலைக்கு வடக்கே, போளூர் வட்டத்துத் திருமலை அருகன் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழனின் 13 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. நன்னப்பயன் என்னும் வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் அளித்த செய்தியை அது கூறுகிறது. வணிகர் இல்லத்திலிருந்து இறைவன் திருமுன் வந்த பொருள் அது. கூலி, வட்டி, சுங்கம் ஆகியன போக எஞ்சுவதே வணிகனின் ஊதியம். அக்கணக்கின் பழமையை ஆப்பிரிக்க மண் காட்டுகிறது.

எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குசெய்ர் அல் கதீமில் ‘பானை ஒறி’ என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த பானை ஓடு கிடைத்தது. பெரனிகே துறைமுகக் கோயிலில் இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7½ கிலோ மிளகு கண்டெடுக்கப்பட்டது. வியன்னாவில் உள்ள, கி.பி. 2 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரசுத் தாள், முசிறி வணிகத்துக்கான கடன் உடன்படிக்கையையும் ஹெர்மாபோலன் என்னும் கப்பலின் சரக்கு மதிப்பையும் தருகிறது.

அவ்வுடன்படிக்கையின்படி, செங்கடல் துறையில் இறங்கிய சரக்கு ஒட்டகங்களில் காவலுடன் கொப்டோசு சென்றது. அங்கிருந்து நைல் ஆற்றுப் படகில் அலெக்சாந்திரியா அடைந்து, முத்திரையிடப்பட்ட சுங்கக் கிடங்கில் இருந்தது. அரசு கொண்ட சுங்கம் நாலில் ஒரு பங்கு. 100 பொன் மதிப்புள்ள சரக்கில் 25 பொன் சுங்கத்துக்கே போயிற்று. கொள்முதல் விலை, கப்பற் செலவு, ஒட்டகக் கூலி, படகுக் கூலி, கடன் வட்டி அனைத்தையும் எஞ்சிய 75 பொன்னே தாங்கவேண்டும். கடலில் அழிந்த சரக்குகளின் இழப்பையும் கரை சேர்ந்தவையே ஈடு செய்தாக வேண்டும். இந்தியச் சரக்கு உரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்றதென்று பிளினி குறைகூறினார். அவ்விலை உயர்வு முழுவதும் வணிகனின் கைக்கு வந்ததன்று.

தமிழகத்திலும் சுங்கம் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்கை அளந்து புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்ற வணிகரை அந்நூல் போற்றுகிறது. பின்னாளில் முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான். அப்பெயரே மக்கள்மீது சுங்கத்தின் சுமை எத்தகையது என்பதற்குச் சான்று.

இன்று கென்யா உள்ளிட்ட கிழக்காப்பிரிக்கச் சமூக நாடுகளின் பொதுச் சுங்கப் பட்டியலிலும் 25 விழுக்காட்டுப் படிநிலை உண்டு. அது பொருளின் விலைமீது மட்டும் விதிக்கப்படுவதன்று. கப்பற் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைமீது விதிக்கப்படுவது. 100 ரூபாய்ப் பொருளுக்குக் கூலியும் காப்பீடும் 10 ரூபாயானால், சுங்கம் 27.50 ரூபாய், அடக்கவிலை 137.50 ரூபாய். பிற வரிகளும் துறைமுகக் கட்டணங்களும் தனி. இதனை முன்கூட்டியே கணக்கிடாதவன் ஊதியம் என்று எண்ணியது கரையிலேயே கரைந்துபோகும்.

கணக்குத் தவறினால் பொருள் இழப்பு. கணக்கைத் திரித்தால் அற இழப்பு. விலைச்சீட்டில் மதிப்பைக் குறைத்து எழுதுவது சிலருக்குச் சாமர்த்தியமாகத் தோன்றலாம். ஆனால் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை அணுவிரதத்தின் குற்றங்களை ஐந்தாக வகுக்கும்போது, திருட்டைத் தூண்டல், திருட்டுப் பொருளைக் கொள்ளல், கள்ள அளவை, போலிப் பொருள் ஆகியவற்றோடு அரச நெறியைக் கடத்தலையும் சேர்த்தே வைக்கிறது. இல்லறத்தார் கொள்ளும் நோன்பு கோயில் வாயிலோடு நின்றுவிடுவதன்று. சுங்கச் சாவடியிலும் அது உடன் நிற்க வேண்டும். நேரிய கணக்கில் எஞ்சிய பொருளால் ஏற்றப்படும் விளக்கே நந்தா விளக்கு.