லினக்ஸ் மடிக்கணினியில் உறக்கம், ஆழ்துயில், திரைப்பூட்டு

பயன்படுத்தாத வேளையில் மடிக்கணினியின் மின்சாரத்தைச் சேமிக்க உறக்கமும் ஆழ்துயிலும் உதவுகின்றன. பிறர் கைபடாமல் காப்பது திரைப்பூட்டு. பூட்டுவது தனி மென்பொருளின் பொறுப்பு என்பதால், கணினி உறங்கிவிட்டாலே பூட்டப்பட்டதாகக் கொள்ளக்கூடாது.

மூடியைச் சாத்தியதும் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலான வினியோகங்களில் சிஸ்டம்டியின் லாகின்டி சேவை முடிவு செய்கிறது. வேறு அமைப்பு இல்லையெனில் கணினி உறங்கும். வெளித்திரை இணைந்திருந்தால் விழித்தே இருக்கும்.

உறக்கத்துக்குக் கெர்னல் முக்கியமாக இரண்டு வழிகள் வைத்திருக்கிறது. 'டீப்' எனப்படும் எஸ்3 நிலையில் நினைவகத்துக்கு மட்டுமே கணிசமான மின்சாரம் போகும். 'எஸ்2ஐடில்' நிலையில் வன்பொருள் முழுவதும் ஓய்வுக்குப் போகவேண்டும். ஏதேனும் ஒரு சாதனம் அடங்க மறுத்தால் பைக்குள் கணினி சூடாகி பேட்டரி கரையும். புதிய கணினிகள் பலவற்றில் எஸ்3 கிடையாது. மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்து பார்த்தால், நடப்பிலுள்ள வழி சதுர அடைப்புக்குள் இருக்கும்.

ஆழ்துயிலில் நினைவகத்தின் படிமம் ஸ்வாப் எனும் இடமாற்றுப் பகுதியில் எழுதப்பட்டு மின்சாரம் அடியோடு நிற்கும். ஸ்வாப் வட்டில் இருந்தாக வேண்டும். 2020இல் வந்த ஃபெடோரா 33 முதல் அங்கு இயல்பாக அமைவது நினைவகத்திலேயே இயங்கும் இசட்ரேம் ஸ்வாப். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். செக்யூர் பூட் இயங்கும்போது பல வினியோகங்களில் கெர்னலின் லாக்டவுன் என்ற பாதுகாப்புக் கட்டுப்பாடு ஆழ்துயிலைத் தடுக்கிறது.

உறங்கப்போகும் சேதியை லாகின்டி முன்கூட்டி அறிவிக்கும். பூட்டு மென்பொருள் தயாராகும்வரை காத்திருக்கும். ஆனால் இயல்பாக 5 நொடிதான். அதற்குள் பூட்டு விழாவிட்டால், மூடியைத் திறந்ததும் மேசைத்திரை ஒரு கணம் அப்படியே தெரியும். எக்ஸ்11 என்ற பழைய திரையமைப்பில் பூட்டு என்பது மற்றவற்றைப் போல ஒரு சாளரம்தான். நிரல் செத்தால் பூட்டும் போயிற்று. லினக்ஸ் மின்ட்டின் பூட்டுத்திரையில் விசைகளைத் தட்டி விளையாடிய குழந்தைகள் திரைவிசைப்பலகையை முறியவைத்து உள்ளே நுழைந்த செய்தி 2021 ஜனவரியில் வெளியானது. எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலேண்டின் அமர்வுப்பூட்டு நெறிமுறை இந்தக் குறையைச் சரிசெய்தது. பூட்டு நிரல் முறிந்தாலும் திரை திறக்காது. இந்த ஒன்றுக்காகவே வேலேண்டுக்கு மாறலாம்.

வட்டைக் குறியாக்கம் செய்திருந்தாலும், உறக்கத்தின்போது அதன் திறவுகோல் நினைவகத்திலேயே இருக்கும். பயணத்துக்கு ஆழ்துயிலே பாதுகாப்பு. ஆனால் ஸ்வாப்பையும் குறியாக்கம் செய்திருக்க வேண்டும், இல்லையெனில் நினைவகத்தில் இருந்ததெல்லாம் வட்டில் வெளிப்படையாகக் கிடக்கும்.