ஆழாக்கும் இராத்தலும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, கோயிலைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ எழுதவே முதலில் எண்ணினேன். அன்றிரவு என் மனைவி பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் அட்டை கழன்ற சமையல் நூல் ஒன்று கிடைத்தது. கோட்டையை விடுத்து அடுக்களைக்குள் நுழைந்துவிட்டேன். சகோதரிகள் பிழை பொறுப்பார்களாக.

நூலின் பெயர் 'சமைத்துப் பார்'. இயற்றியவர் சென்னை திருமதி எஸ். மீனாட்சி அம்மாள். முதற் பாகம் வெளிவந்த ஆண்டு 1951. மணமாகி வெளியூர் சென்ற உறவுப் பெண்கள் பலர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் பக்குவம் கேட்டு அம்மையாருக்கு எழுதுவதுண்டு. அவற்றையெல்லாம் நூலாக்கிவிடலாமே என்று தூண்டியவர் அவருடைய உறவினரான வழக்கறிஞர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். பாகசாஸ்திரம் என்னும் பெயரில் முன்னரும் தமிழில் நூல்கள் இருந்தன. ஆயினும், அடுப்பருகே நின்று ஒரு பெரியவள் சொல்லுவது போல அளவும் முறையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறும் இந்நூலே மணமகளின் சீர்ப் பெட்டியில் இடம் பெற்றது. பின்னர் மேலும் இரு பாகங்களும் ஆங்கில ஆக்கமும் வந்தன. பெற்ற தாயும் மாமியாரும் உடன் இல்லாத தூர தேசத்துக் குடித்தனத்திற்கு இதைவிட உற்ற துணை வேறென்ன?

ஆனால் நூல் பிறந்த காலத்தைப் பாருங்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943 மே மாதம் பம்பாயில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. யுத்தம் முடிந்தும் பஞ்சம் முடியவில்லை. 1951 ஜனவரியில், நாளொன்றுக்கு ஒருவருக்கு 12 அவுன்ஸாக இருந்த தானியப் பங்கு 9 அவுன்ஸாகக் குறைக்கப்பட்டது. 9 அவுன்ஸ் என்பது 255 கிராம். அதிலும் அரிசி ஒரு பங்குதான். மீதி கோதுமையும் சோளமும். அவ்வாண்டே அமெரிக்கா 20 லட்சம் டன் தானியத்திற்குக் கடன் வழங்கிற்று. நெய் மணக்கும் பக்குவங்களைச் சொல்லும் நூல், சமைக்கப் பண்டம் மிகக் குறைந்திருந்த ஆண்டிலே வெளிவந்தது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மனம் கனக்கவும் செய்கிறது. (அதே 1951 நவம்பர் 5ஆம் நாள்தான் ஜி.ஐ.பி. முதலிய ரயில்வேக்கள் இணைந்து மத்திய ரயில்வே ஆயிற்று. ரயில்வே குமாஸ்தாவால் இதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.)

என் பாட்டியை நாங்கள் ஆச்சி என்போம். திருநெல்வேலிச் சீமையில் அதுவே வழக்கு. 1952இல் மணமாகி, மீட்டர் கேஜ் வண்டியில் எழும்பூர் வந்து, அங்கிருந்து சென்ட்ரலுக்கு மாறும் இடைவேளையில் தாத்தா வாங்கித் தந்த நூல் இது. அதுவரை தாத்தா மாட்டுங்காவில் மெஸ் சோறு உண்டவர். 1942இல் ஏ. ராமா நாயக் அவர்கள் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் போன்ற இடங்கள்தாம் அந்நாளில் நம்மவர் பலருக்குத் தாய்வீடு. ராஜாஜியின் ஆட்சியில் 1952 ஜூன் மாதமே சென்னை ராஜ்யத்தில் பங்கீடு நீங்கிவிட்டது. இங்கோ 1954 வரை அரிசிக் கட்டுப்பாடு தீரவில்லை. பங்கீடில்லாத ஊரிலிருந்து வந்த ஆச்சிக்கு இங்கே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

நூலின் ஓரங்களில் பென்சில் குறிப்புகள் நிறைந்துள்ளன. முதலில் திணறியது அளவில்தான். நூல் பேசுவது ஆழாக்கு, படி, பலம் என்னும் சென்னை அளவு. எட்டு ஆழாக்கு ஒரு படி. நாற்பது பலம் ஒரு வீசை. பங்கீட்டுக் கடையிலோ இராத்தல் எடை. போதாக்குறைக்கு ஊரில் ஆச்சி அளந்த படி வேறு, பட்டணத்துப் படி வேறு. ஓர் ஓரத்தில், "ஆழாக்குக்கு நம் வீட்டு டம்ளர் தலை தட்டி" என்றிருக்கிறது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் நடைமுறைக்கு வந்ததும் அந்தக் கணக்கையும் அடித்துவிட்டு, பலம் 35 கிராம், வீசை 1,400 கிராம் என்று திருத்தியிருக்கிறார். மூன்று அரசாங்க அளவுகள் ஒரே பக்கத்தில்!

தோசைப் பக்கத்தின் ஓரத்தில், பங்கீட்டுக் கோதுமை மாவில் நாலில் ஒரு பங்கு அரிசி மாவு சேர்த்து, மோர் விட்டுக் கரைத்து, மிளகும் சீரகமும் தாளித்து உடனே வார்க்கலாம் என்பது குறிப்பு. இட்லிப் பக்கத்தில், "இங்கே வெயிற்காலத்தில் மாவு ஐந்து மணியில் பொங்கிவிடும், இரவு பத்துக்கு மேல் அரைக்கவும்." சர்க்கரையும் பங்கீடுதான். ஒரு தீபாவளிக்குப் பொரிவிளங்காய் உருண்டையை வெல்லத்தில் பிடித்துச் சமாளித்ததாகத் தேதியிட்டு எழுதியிருக்கிறார். விருந்தினர் வரும் நாளில் ரவையை வறுத்துக் கிச்சடி. 1955இல் பம்பாயில் சமையல் வாயு வந்ததும் 1959இல் பிரஷர் குக்கர்கள் வந்ததும் அந்த ஓரங்களில் ஓரிரு சொல்லோடு முடிகின்றன.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அம்மையாரின் நூல் சென்னைப் பிராமணக் குடும்பத்தின் சமையல். அதைக் குறையாகச் சொல்லவில்லை; தாம் அறிந்ததையே அவர் எழுதினார். ஆனால் பம்பாய்த் தமிழர் மாட்டுங்காவில் மட்டுமா வாழ்ந்தனர்? 1887இல் தாராவியில் பெரிய மசூதியைக் கட்டியோர் தமிழ் முஸ்லிம்கள். தோல் பதனிடவும் பிற வேலைக்கும் திருநெல்வேலியிலிருந்து வந்தோர் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றனர். விடியற்காலையில் இட்லி அவித்து நகரெங்கும் அனுப்புகின்ற வீடுகள் அங்குள்ளன. அவ்வீட்டுப் பெண்களின் குழம்பை யாரும் அச்சிட்டு நான் கண்டதில்லை.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு சொதி. எங்கள் பக்கத்தில் மணம் முடிந்த மறுநாள் மறுவீட்டு விருந்துக்குச் சொதியே தலைமை. நூலின் கடைசி வெற்றுத் தாளில் ஆச்சி அதை எழுதி வைத்திருந்தார். செம்பூர் வீட்டில் என் தங்கையின் மறுவீட்டிற்காகத் தாளை எடுத்தபோது கீழ்ப்பாதி கிழிந்து போயிருந்தது. ஆச்சி அதற்கு இரண்டாண்டு முன்னரே காலமாகிவிட்டார். "கெட்டிப் பாலை ஊற்றியதும்" என்ற சொல்லோடு எழுத்து நின்றது. அன்று வைத்த சொதி திரிந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய வேதனை.

பின்னர் அலுவலக நண்பரின் தாயாரிடம் இதைச் சொன்னேன். தாராவியில் வாழ்ந்து முதிர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். "கொதிக்க விட்டா திரியத்தான் செய்யும், ஐயா. எலுமிச்சையையும் அடுப்புல வச்சா பிழிஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டு முழுதும் சொன்னார். பத்துப் பேருக்குத் தேங்காய் மூன்று, பாசிப்பருப்பு ஓர் ஆழாக்கு. இரண்டாம் மூன்றாம் பாலில் உருளை, காரட், பீன்ஸ், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு வேக வேண்டும். குழைந்த பருப்பும் அரைத்த பச்சை மிளகாயும் இஞ்சியும் சேர வேண்டும். முதற்பாலை ஊற்றியதும் ஓரத்தில் நுரை கட்டும். அந்தக் கணமே இறக்கிவிட வேண்டும். ஆறிய பிறகே எலுமிச்சஞ்சாறு.

கிழிந்த இடத்தில் வேறு தாள் ஒட்டி, ஆச்சியின் பென்சில் எழுத்துக்குக் கீழே அதைப் பேனாவால் எழுதியுள்ளேன். இவ்வாண்டு விழா விருந்துக்குச் சொதி வைப்பதென மகளிர் குழு முடிவு செய்திருக்கிறது. ஐந்நூறு பேருக்குத் தேங்காய் நூற்றைம்பது என்று என் கணக்கு. பெரியம்மாவோ, காயைப் பார்த்த பிறகுதான் சொல்லுவேன் என்கிறார்.