ஃபயர்மேன் ஜெயித்த பாய்லர் சண்டை

இந்த எபிசோட் ஒரு சண்டையைப் பத்தினது. ரத்தம் சிந்தாத சண்டைதான். இரண்டரை அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடுற ஒரு குட்டி நீராவி ரயில் என்ஜினுக்குள் எந்த மாதிரி பாய்லர் வைக்கிறது என்பதுதான் விவகாரம். சிரிக்காதீங்க. 1920களில் இங்கிலாந்தில் இதுக்காகப் பெரிய மனுஷங்க பத்திரிகையில் பக்கம் பக்கமா மோதிக்கிட்டாங்க. அந்தச் சண்டைக்குள்ள வேறொரு கேள்வி ஒளிஞ்சிருந்தது. ஒரு இயந்திரத்தைப் பற்றி உண்மையில் யாருக்குத் தெரியும்? அதை வரைகிறவருக்கா, அதுக்குக் கரி அள்ளிப் போட்டவருக்கா?

முதல்ல களத்தைப் பார்த்துடலாம். 1898 ஜனவரியில் லண்டனில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். பேர் ‘மாடல் என்ஜினியர் அண்ட் அமெச்சூர் எலக்ட்ரீஷியன்’. வீட்டிலேயே சின்னதா இயந்திரம் செய்து பார்க்கிற ஆட்களுக்கான பத்திரிகை. அதே வருஷம் லண்டனில் அவங்களுக்கு ஒரு சங்கமும் உருவாச்சு. இங்கே ‘மாடல்’ என்றால் ஷோகேஸில் வைக்கிற பொம்மை இல்லை. வார்ப்பு இரும்பையும் பித்தளையையும் செம்பையும் கடைந்து, துளை போட்டு, அரம் போட்டு, உண்மையான பிஸ்டன் உண்மையான சிலிண்டரில் ஓடி, உண்மையான நீராவியில் சக்கரம் சுற்ற வேண்டும். சின்னது, அவ்வளவுதான். மற்றபடி அது என்ஜின்.

இதுக்கு வீட்டில் ஒரு லேத் வேணும். நம்ம ஊரில் லேத் பட்டறை என்றதும் ஒரு ஷெட், மோட்டார் சத்தம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் ஞாபகம் வரும். அங்கே அந்தக் காலத்தில் கில்ட்ஃபோர்டு பக்கத்தில் டிரம்மண்ட் பிரதர்ஸ் என்ற கம்பெனி சின்னச் சின்ன லேத்துகளைச் செய்து விற்றது. நிறைய வீடுகளில் மின்சாரமே கிடையாது. அதனால் தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்தே ஓட்டுவாங்க. ஒரு காலில் மிதித்துக்கொண்டே, கையில் ஒரு முடி அளவுக்கு டூலை நகர்த்தி ஒரு சிலிண்டரைக் குடைவதை யோசிச்சுப் பாருங்க. வார்ப்பு ஊற்ற வீட்டில் வசதி இல்லாதவங்களுக்காக ஹென்லி-ஆன்-தேம்ஸ் ஊரில் ஸ்டூவர்ட் டர்னர் கம்பெனி வார்ப்புகளைச் செட்டாக விற்றது. அவங்களுடைய ‘10வி’ என்ற என்ஜினின் சிலிண்டர் விட்டம் முக்கால் அங்குலம், பிஸ்டன் ஓட்டமும் முக்கால் அங்குலம். இன்னிக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கு வர்ற பல பேர் முதலில் கை வைக்கிறது அதில்தான்.

சரி, சண்டைக்கு வருவோம். ஒரு பக்கம் நார்த்தாம்ப்டன் ஊரின் பாசெட்-லோக் கம்பெனி. அந்தக் காலத்து மாடல் ரயில் வியாபாரத்தில் பெரிய பேர். அவங்களுக்கு வடிவமைப்பாளர் ஹென்றி கிரீன்லி. இவரைச் சாதாரணமா எடைபோடக் கூடாது. 1927-இல் திறந்து இன்னமும் ஓடுகிற ரோம்னி, ஹைத் அண்ட் டிம்சர்ச் ரயில் பாதையின் 15 அங்குல என்ஜின்களை வரைந்தவர் இவர்தான். ஆனால் சின்ன அளவுகளைப் பொறுத்தவரை அப்போது இருந்த பொதுக் கருத்து இதுதான்: நிஜ ரயில் என்ஜின் மாதிரி கரி போட்டு, நெருப்புக் குழாய் வைத்த பாய்லர் இவ்வளவு சின்னதில் வேலைக்கு ஆகாது. அடியில் ஸ்பிரிட் விளக்கு வைத்து, நீர் குழாய்களைச் சூடாக்கும் எளிய பாய்லர் போதும். அது ஓடும். சில பெட்டிகளை இழுக்கும். ஒரு ஆள் அதன் மேல் உட்கார்ந்து போக ஆசைப்படக் கூடாது.

இன்னொரு பக்கம் ஒரு ஆள், ஒரு புனைபெயர்: எல்.பி.எஸ்.சி. அது லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதல் எழுத்துகள். இளம் வயதில் அந்த ரயில்வேயில் என்ஜின் துடைக்கிறவராகவும் ஃபயர்மேனாகவும் வேலை பார்த்தவர். நண்பர்களுக்கு ‘கர்லி’. 1883-இல் பிறந்தபோது வைத்த பேர் வில்லியம் மாரிஸ் பெஞ்சமின், பிறகு வாழ்ந்ததும் இறந்ததும் லில்லியன் லாரன்ஸ் என்ற பேரில். வாசகர்களுக்கு அந்த நான்கு எழுத்துகளே போதுமாக இருந்தது.

கர்லி சொன்னது சுருக்கமா இதுதான்: நிஜ என்ஜின் மாதிரியே கரி போட்ட பாய்லரைச் சின்னதாகவும் செய்யலாம், அது ஒரு ஆளை இழுக்கும், நான் செஞ்சு வச்சிருக்கேன். அவர் செஞ்ச என்ஜினுக்குப் பேர் ‘ஆயிஷா’. இரண்டரை அங்குலத் தண்டவாளம், அட்லான்டிக் வகை.

இதில் யார் சரின்னு பார்க்க கொஞ்சம் கணக்கு வேணும். பயப்படாதீங்க, சமையலறைக் கணக்குதான். கல்யாண வீட்டில் பெரிய அண்டாவில் இருக்கிற சோறு மத்தியானம் வரைக்கும் சூடா இருக்கும். அதிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து வச்சா பத்து நிமிஷத்தில் ஆறிடும். ஏன்? சின்னதாக ஆக, உள்ளே இருக்கிற பொருளை விட வெளியே இருக்கிற மேற்பரப்பு ஒப்பீட்டில் அதிகமாகும். நிஜத் தண்டவாளம் 4 அடி 8½ அங்குலம். அதை இரண்டரை அங்குலமாக்கினால் 22.6 மடங்கு சின்னது. மேற்பரப்பு 500 மடங்கு குறையும். ஆனால் கொள்ளளவு 11,500 மடங்கு குறையும். அதாவது உள்ளே இருக்கிற தண்ணீருக்கும் நீராவிக்கும் வெப்பம் ஓடிப்போக 22 மடங்கு அதிக வழி.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நிஜ பாய்லரில் நெருப்புப் புகை போகிற குழாய் சுமார் இரண்டு அங்குலம். அதை அளவு மாறாமல் சுருக்கினால் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம், பால்பாயின்ட் பேனா ரீஃபில் தடிமன். அதுக்குள்ள கரிப்புகை எப்படிப் போகும்? கொஞ்சம் சாம்பல் ஒட்டினா அடைச்சிக்கும். ஆக, வரைபடத்தை அப்படியே சுருக்கினால் ஓடாது என்று சொன்னவர்கள் சொன்னது பொய் இல்லை.

கர்லி சுருக்கவில்லை. அதுதான் விஷயம். வெளித்தோற்றம் நிஜ என்ஜின் மாதிரி இருக்கட்டும், உள்ளே நெருப்புக்கு என்ன வேணுமோ அதைக் கொடு என்றார். குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பெருசாக்கினார். சின்ன சிலிண்டரின் குளிர்ந்த சுவரில் நீராவி பட்டதும் தண்ணீராகிவிடும் என்பதால், அது சிலிண்டருக்குப் போகும் முன் நெருப்புக் குழாய்க்குள்ளேயே இன்னொரு முறை சூடாக்கி உலர வைத்தார். சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி புகைபோக்கியில் எந்த இடத்தில், எவ்வளவு சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்ச வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். அந்தப் பீய்ச்சல்தான் நெருப்பை இழுக்கும். நெருப்பு நன்றாக எரிந்தால் நீராவி, நீராவி வந்தால் பீய்ச்சல், பீய்ச்சல் இருந்தால் நெருப்பு. ஓடும் என்ஜினில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேனுக்கு இது பாடத்தில் படிச்ச விஷயம் இல்லை. முதுகு வலியில் தெரிஞ்ச விஷயம்.

பத்திரிகையில் கடிதம், பதில் கடிதம், சவால் என்று போய், கடைசியில் இரு தரப்பு என்ஜின்களும் லண்டனில் நடந்த மாடல் என்ஜினியர் கண்காட்சியில் எல்லாரும் பார்க்கத் தண்டவாளம் ஏறின. இதைத்தான் ‘பாய்லர் போர்’ என்று அந்த வட்டாரத்தில் இன்னும் சொல்றாங்க. ஆயிஷா ஆளை இழுத்தது. அதுக்குப் பிறகு ஆளை ஏற்றிக்கொண்டு போகிற சின்ன என்ஜின் என்றால் கரி போட்ட பாய்லர்தான் என்பது மெல்ல மெல்ல வழக்கமாச்சு.

என்னைக் கேட்டால், கர்லியின் பெரிய வேலை அந்த வெற்றி இல்லை, அதுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் விடாமல் எழுதியது. ஒவ்வொரு என்ஜினையும் தொடராகக் கொடுத்தார். ஒரு இதழில் சட்டகம், அடுத்ததில் சக்கரம், பிறகு சிலிண்டர், கடைசியில் பாய்லர். வரைபடத்தையும் விளக்கத்தையும் சேர்த்து ‘வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்’ என்பார், அதாவது பாட்டும் மெட்டும். வாசகரிடம் நல்ல லேத் இருக்கும், என்ஜினியரிங் படிச்சிருப்பார் என்றெல்லாம் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்று பேசுகிற மேஸ்திரி மாதிரி எழுதினார். கிண்டல் இருக்கும், கோபம் இருக்கும், படிச்ச நிபுணர்கள் மேல் ஒரு குத்தல் எப்பவும் இருக்கும். சில இடங்களில் அந்தக் குத்தல் நியாயத்தைத் தாண்டிப் போனது என்பதையும் சொல்லணும்.

1948-இல் ‘டிச்’ என்ற என்ஜினைத் தொடராக எழுத ஆரம்பித்தார். மூன்றரை அங்குலத் தண்டவாளம், நாலே சக்கரம். முதல் முறையாக என்ஜின் கட்டுகிறவருக்காகவே வரைந்தது. பலரும் பயப்படுகிற கட்டம் பாய்லர்தான். செம்புத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் அமுக்கி இளக்கி, சுத்தியால் தட்டி மடிக்கணும். பிறகு வெண்காரம் தடவி, வெள்ளிக் கலவையை உருக்கிப் பற்றவைக்கணும். நம்ம ஊர் பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுகிற அதே வேலைதான், தோட்டுக்குப் பதில் பாய்லர். ஊதுவிளக்கின் சூடு ஒரு பக்கம் குறைந்தால் பற்று பிடிக்காது, கூடினால் ஏற்கெனவே வைத்த பற்று உருகிவிடும்.

இதில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. இப்படிப்பட்ட பாய்லர் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அளவு அழுத்தத்தில் ஓடும். அதன் பின்னாலேயே கட்டினவர் உட்கார்ந்திருப்பார், பல நேரம் பேரன் பேத்தியோடு. அதனால் முதல் முறை நெருப்பு மூட்டும் முன், பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் அமுங்காது. ஆகவே பற்று விட்டால் வெடிக்காது, சொட்டும், அழுத்தமானி முள் சட்டென்று விழும். அவ்வளவுதான்.

கர்லி 1967-இல் இறந்தார். டிச்சுக்கு வரைபடமும் வார்ப்பு செட்டும் இன்னிக்கும் விலைக்குக் கிடைக்குது. அதில் சின்ன பாய்லர், பெரிய பாய்லர் என்று இரண்டு வகை உண்டு. கட்டினவங்ககிட்ட கேட்டா, பெரும்பாலும் பெரியதையே எடுத்துக்கச் சொல்வாங்க. நெருப்பைப் பார்த்துக்கறது கொஞ்சம் சுலபம்.