பேஸ் கேக்குதா? 30 வொட்ஸில இருந்து 300 வொட்ஸ் வரை

போன வருசம் எங்கட பீடத்துக் கலைவிழாவில நான் பேஸ் கிற்றார் வாசிச்சன். நாலு பாட்டு. மேடையால இறங்கி வந்து முன்வரிசையில இருந்த நண்பியிட்ட எப்பிடி எண்டு கேட்டன். "நீயும் வாசிச்சனியோ? விரல் அசைஞ்சது மட்டும் கண்டன்" எண்டாள். என்னட்ட இருந்தது வீட்டில பழகிற 30 வொட்ஸ் அம்ப். பின்னால ட்ரம்ஸ், பக்கத்தில ரெண்டு கிற்றார். இரண்டாவது பாட்டிலயே பேஸ் குமிழைக் கடைசிவரைக்கும் திருகிப்போட்டன். சத்தம் கூடேல்ல, ஸ்பீக்கர்தான் கிழிஞ்ச பறை மாதிரிப் படபடத்தது.

பிறகு வாசிக்கத் தொடங்கினபோதுதான், இது 70 வருசத்துக்கு மேலான பிரச்சினை எண்டு விளங்கினது.

மின்சார பேஸுக்கு முதல் இருந்தது டபுள் பாஸ். ஆள் உயர மரப்பெட்டி. தனிய வாசிச்சால் அறையே அதிரும். ஆனால் ட்ரம்ஸும் ட்ரம்பெற்றும் சேர்ந்தால் காணாமல் போயிடும். 1940களில் எவரெற் ஹல் என்ற அமெரிக்க இசைக்கலைஞர், டபுள் பாஸின் அடியில் நிலத்தில் ஊன்றும் முளையோடு ஒரு மைக்கைப் பொருத்தினார். அம்பிளிஃபைட் பெக், அதாவது ஒலிபெருக்கிய முளை. அம்பெக் நிறுவனத்தின் பெயர் வந்தது அதிலிருந்துதான்.

1951இன் கடைசியில் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். திடமான பலகை, உள்ளே வெற்றிடமே இல்லை. தூக்கிக்கொண்டு போக லேசு. ஆனால் வயரைக் கழற்றினால் பக்கத்தில இருக்கிறவருக்கும் கேக்காது. அம்ப் இல்லாமல் அது பாதி வாத்தியம்தான். அந்த மற்றப் பாதியாக 1952இல் பேஸ்மன் அம்ப் வந்தது. முதலில் ஒரேயொரு 15 அங்குல ஸ்பீக்கர், பிறகு நாலு 10 அங்குலம். பகிடி என்னவெண்டால், அந்த நாலு ஸ்பீக்கர் பேஸ்மனைக் கிற்றார்காரர் கொண்டுபோயிட்டினம். சத்தம் கூட்டினால் அது உடைஞ்சு கரகரக்கும், அவையளுக்கு அது பிடிச்சுப்போச்சு. லண்டனில் ஜிம் மார்ஷலின் முதல் அம்பும் ஏறக்குறைய அதன் நகல்தான். பேஸ்காரர் திரும்பவும் வெறுங்கை.

ஏன் பேஸுக்கு மட்டும் இவ்வளவு கஷ்டம்? பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு 41 தடவை அதிருகிறது. எங்கட காது அந்த இடத்தில் மந்தம்; 1933இலேயே ஃப்ளெச்சர், மன்சன் இருவரும் இதை அளந்து காட்டியிருந்தார்கள். அதோட, சுரம் ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே அளவு ஒலிக்கு ஸ்பீக்கரின் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போகவேணும். இதையெல்லாம் விடக் கொடுமையான கணக்கு ஒண்டு இருக்கு: காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேக்க, சராசரியாகப் பத்து மடங்கு வொட்ஸ் வேணும். 30க்குப் பதில் 60 வொட்ஸ் வாங்கினால் 3 டெசிபல்தான் கூடும். நான் குமிழைத் திருகினபோது நடந்ததும் இதுதான். பேஸை 10 டெசிபல் உயர்த்தச் சொன்னால், அம்பிடம் அந்த இடத்தில் பத்து மடங்கு வலு கேட்கிறோம். இல்லாததை அது எங்கயிருந்து தரும்?

1960களில் ரசிகர் கூட்டம் மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. 1965 ஓகஸ்ட் 15, நியூயோர்க் ஷே மைதானத்தில் பீற்றில்ஸுக்கு முன்னால் 55,000 பேருக்கு மேல். மேடையில் 100 வொட்ஸ் வொக்ஸ் அம்புகள், பாட்டுக்கு மைதானத்து அறிவிப்பு ஸ்பீக்கர்கள். மிச்சமெல்லாம் ரசிகைகளின் கூச்சல். அதே காலத்தில் த ஹூ குழுவின் பேஸ்காரர் ஜோன் என்ட்விசிலுக்கு வேறு தலையிடி: பக்கத்தில் கீத் மூனின் ட்ரம்ஸ். அவர் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கினார். உடனே கிற்றார்காரர் பீற் டவுன்ஷெண்டும் வாங்கினார். இந்தப் போட்டியில்தான் மார்ஷலின் 100 வொட்ஸ் அம்ப் பிறந்தது.

பேஸுக்கெண்டே உண்மையான பதில் வந்தது 1969இல்: அம்பெக் எஸ்விரி. 300 வொட்ஸ், 14 வெற்றிடக் குழாய்கள், தலைப்பகுதி மட்டும் ஏறக்குறைய 38 கிலோ. அந்த வருசம் ரோலிங் ஸ்ரோன்ஸ் அமெரிக்கச் சுற்றுலாவுக்கு அதன் முன்மாதிரிகளைக் கொண்டுபோனது. பேஸ் மட்டுமில்லை, கிற்றார்களும் அதிலதான். எல்லாரும் 300 வொட்ஸைப் பற்றியே கதைக்கினம். எனக்கு அந்தப் பெட்டிதான் பெரிய விசயமாப் படுது. மூடிய பெட்டிக்குள் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள். ஒரு 15 அங்குல ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் பரப்பு ஏறக்குறைய மூன்றரை மடங்கு. காற்றைத் தள்ளுறது வொட்ஸ் இல்ல, கூம்பு.

இதன் உச்சம் 1974இல் கிரேற்ஃபுல் டெட் குழு கட்டின ஒலிச்சுவர். 26,000 வொட்ஸுக்கு மேல், ஏறக்குறைய 600 ஸ்பீக்கர்கள். ஃபில் லெஷின் பேஸில் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனி ஸ்பீக்கர் வரிசைக்கு அனுப்ப முடிந்ததாம்! ஏற்றி இறக்கிற செலவு தாங்கேலாமல் அந்த வருசத்தோடயே விட்டுட்டினம். பொது ஒலியமைப்பு வளர வளர, பேஸையும் நேரே மிக்சருக்குக் கொடுக்கிற பழக்கம் பரவினது. இப்ப மூன்று கிலோவுக்கும் குறைந்த அம்ப் 500 வொட்ஸ் எண்டு எழுதிக்கொண்டு வருது. மேடையில நிக்கிற பெரிய பெட்டி கனநேரம் வாசிக்கிறவருக்கு மட்டும்தான்.

ஒரு கணக்கு மிச்சம் இருக்கு. என்ட்விசிலுக்குக் கடைசிக் காலத்தில் காது பெரும்பாலும் போயிட்டுது. டவுன்ஷெண்ட் தன் காதிரைச்சலைப் பற்றி வெளிப்படையாகவே பேசியவர். 300 வொட்ஸ் கிடைச்ச கதையைச் சொல்லுறவை இதைச் சொல்லுறது குறைவு. கோயில் திருவிழாக்களுக்கு 20 வருசமா பேஸ் வாசிக்கிற எங்கட ஊர் அண்ணா ஒருத்தர் இருக்கிறார். அவரோட கதைக்கிறதெண்டால் அவற்ற இடப்பக்கமா நிக்கவேணும்.

அவரிட்டத்தான் நான் கலைவிழாக் கதையைச் சொன்னன். சிரிச்சுப்போட்டு மூண்டு வேலை சொன்னார்: பேஸ் குமிழைக் குறை, மிட்டைக் கூட்டு, அம்பை நிலத்தில வைக்காமல் கதிரையில காதுக்கு நேரா வை. மிட் இருக்கிற இடத்தில காது கூர்மை, கூம்பும் அவ்வளவு தூரம் ஓடத் தேவையில்ல. அடுத்த நிகழ்ச்சிக்கு அதே 30 வொட்ஸ் அம்பைக் கதிரையில ஏத்தினன், சவுண்ட்காரரிட்டக் கெஞ்சி மிக்சருக்கும் ஒரு வயர் எடுத்தன். நண்பி இந்தமுறை கேட்டது, ரெண்டாவது பாட்டில ஏன் பிழைவிட்டனீ எண்டு.