மூடிவைத்த ஒரு அறுவை சிகிச்சை

நம் உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு காதுக்குள் இருக்கிறது. குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம் மாதிரி இருப்பதால் அங்கவடி எலும்பு என்று பெயர். உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். செவிப்பறையின் அதிர்வு கடைசியில் இதன் வழியாகத்தான் உட்காதுக்குப் போகிறது. சிலருக்கு இதைச் சுற்றி எலும்பு வளர்ந்து, அசையாமல் இறுகிவிடும். இதற்கு ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று பெயர். பலருக்கு நரம்பு நன்றாகவே இருக்கும். ஆனால் சத்தம் உள்ளே போகாது.

அப்படின்னா அந்த எலும்பை அசைத்துவிட்டால் போதாதா? 1870களிலேயே யோஹானஸ் கெஸ்ஸல் என்ற மருத்துவர் அதைச் செய்தார். 1890களில் பாஸ்டனில் ஃபிரெடெரிக் ஜாக் எலும்பையே எடுத்துப் பார்த்தார். சிலருக்குக் காது கேட்டது. ஆனால் 1900இல் பாரிஸில் நடந்த மருத்துவ மாநாட்டில் பெரிய பெரிய நிபுணர்கள் இதைப் பயனற்றது, ஆபத்தானது என்று கண்டித்தார்கள். அதோடு கடை மூடப்பட்டது.

பிறகு வந்தவர்கள் அந்த எலும்பைத் தொடாமல் சுற்றுவழி தேடினார்கள். 1938இல் நியூயார்க்கின் ஜூலியஸ் லெம்பர்ட், உட்காதின் அரைவட்டக் குழலில் புதிதாக ஒரு ஜன்னலே திறந்தார். காது கேட்டது. ஆனால் எலும்பைக் குடைந்த குழியை ஆயுசுக்கும் டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்யவேண்டியிருந்தது.

1952இல் அதே நியூயார்க்கில் சாமுவேல் ரோசன், இந்த ஜன்னல் சிகிச்சைக்கு முன்னால் அங்கவடி உண்மையிலேயே இறுகியிருக்கிறதா என்று தொட்டுச் சோதித்தார். மரத்துப்போக மட்டும் ஊசி போட்டிருந்ததால் நோயாளி விழித்திருந்தார். திடீரென்று தனக்குக் காது கேட்கிறது என்றார்! 1956இல் மெம்பிஸில் ஜான் ஷே அங்கவடியையே எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஒரு திசுத் துண்டால் மூடி, டெஃப்லானில் செய்த மாற்று எலும்பைப் பொருத்தினார். இன்றைய சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

முதலில் படித்தபோது, 1900 ஆட்கள் ஐம்பது வருஷத்தை வீணடித்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், அவர்களிடம் பென்சிலின் இல்லை. அறுவை சிகிச்சைக்கான நுண்ணோக்கியும் இல்லை. உட்காதைத் திறந்து கிருமி போனால் மூளைக்காய்ச்சல், மரணம். காது கேட்காததால் யாரும் சாவதில்லை. அன்றைக்கு அந்தத் தீர்ப்பு சரிதான்.

என் குறை வேறு. 1940களில் பென்சிலின் புழக்கத்துக்கு வந்துவிட்டது. தீர்ப்புக்கான பெரிய காரணம் போய்விட்டது. தீர்ப்பு மட்டும் நின்றது. ரோசனும் அதை எதிர்த்து இறங்கவில்லை, எலும்பு இறுகியிருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்த்தார்.